கையொப்பத்திற்கு உரியவர் யார்?

கூட்டுறவுச் சங்கத்திற்குத் தேர்தல் வருகிறதென்றால் ஊரில் இருவகைப் பேச்சு எழுவது வழக்கம். ஒரு சாரார் தமக்கு வேண்டிய அபேட்சகரின் குணங்களை மட்டும் அடுக்குவர். மற்றொரு சாரார் அவருடைய குற்றங்களை மட்டும் அடுக்குவர். இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பவர் மிகச் சிலரே. சக்கம்பட்டியில் நூல் வாங்கும் நெசவாளி, சிட்டத்தின் எடை சிறிது குறைந்தாலும் கேளாமல் விடமாட்டார். சுருளிப்பட்டியில் திராட்சை விற்கும் விவசாயி, தராசின்மேல் வைத்த கண்ணை எடுக்கமாட்டார். அத்துணைக் கவனமுடைய நாம், நம் பங்குத்தொகையையும் வைப்புத்தொகையையும் அடகு நகையையும் ஆண்டுக்கணக்கில் ஒப்படைக்கும் ஆளை மட்டும் நிறுக்காமலே ஏற்றுக்கொள்கிறோம்.

நிறுப்பதற்கு எடைக்கல் வேண்டும். தலைவர் பதவிக்கு நிற்பவரை எந்த எடைக்கல்லால் நிறுப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். நான் அரசாங்க ஊழியன். எவருக்கும் ஓட்டுக் கேட்கும் உரிமை எனக்கில்லை, அவ்வெண்ணமும் இல்லை. ஆயினும் சங்கங்களின் கணக்குப் புத்தகங்களைப் புரட்டுவதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்று சொல்லத் துணிகிறேன். ஒரு சங்கத்தின் வாழ்வும் தாழ்வும் அதன் தலைவர் மேடையில் பேசியதில் தங்குவதில்லை. அவர் இட்ட கையொப்பத்தில் தங்குகின்றன. ஆதலின், இவர் எதன்கீழ்க் கையொப்பமிடுவார், எதன்கீழ் இடமாட்டார் என்பதே நமக்கு எடைக்கல்.

வள்ளுவர் 'தெரிந்துதெளிதல்' என்று ஓர் அதிகாரமும், அதனை அடுத்துத் 'தெரிந்துவினையாடல்' என்று மற்றோர் அதிகாரமும் வகுத்திருக்கிறார். முன்னது ஆளை ஆராய்வது. பின்னது, ஆராய்ந்தெடுத்த ஆளை அவருக்கேற்ற வேலையில் அமர்த்துவது. நாம் முதலதிகாரத்தோடு நின்றுவிடுகிறோம். "நல்லவர்" என்று தெளிந்தவுடன், எந்த வேலைக்கு நல்லவர் என்று கேட்பதில்லை. இக்கேள்வியின் அருமையை அறிவதற்கு, நாட்டிலேயே உயர்ந்த தலைமைப் பதவிக்கு நடந்த இரண்டு தேர்தல்களை எடுத்துக்கொள்வோம்.

நாட்டின் தலைவரும் சங்கத்தின் தலைவரும்

குடியரசுத் தலைவரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த பாராளுமன்ற, சட்டசபை அங்கத்தினர்கள் தேர்ந்தெடுக்கின்றனர். தமிழ்நாட்டுச் சட்டசபை அங்கத்தினர் ஒருவரின் ஓட்டுக்கு மதிப்பு 176. 1971-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி நம் மாநிலத்தில் இருந்த 4,11,99,168 மக்களை 234 தொகுதிகளால் வகுத்து, வந்ததை மேலும் ஆயிரத்தால் வகுத்துப் பெற்ற எண் இது. 2022-ஆம் ஆண்டுத் தேர்தலிலும் இதே கணக்குத்தான். ஆண்டிபட்டி, பெரியகுளம், போடிநாயக்கனூர், கம்பம் என்னும் நம் மாவட்டத்துத் தொகுதிகள் நான்கிற்கும் சேர்த்து 704. தறிக்குழியில் அமர்ந்திருப்பவரின் விருப்பமும், விடியலில் ஏலத்தோட்டத்திற்கு ஜீப் ஏறும் பெண்ணின் விருப்பமும் இந்த 704-க்குள் அடங்கி டில்லிக்குச் செல்கின்றன.

நம் சங்கத்திலும் அமைப்பு இதுவே. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983-இன்படி அங்கத்தினர் தேர்ந்தெடுப்பது நிர்வாகக் குழுவை. அக்குழுவினர் தம்முள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுப்பர். "தலைவரை நானா தேர்ந்தெடுத்தேன்?" என்று பின்னாளில் கைகழுவுவதற்கு இது வசதியாகத் தோன்றலாம். உண்மையில் இதனால் நம் பொறுப்பு இரட்டிக்கிறது. தலைவராகத் தக்கவரை அறிவதோடு, அவரை நிறுத்துப் பார்க்கத் தெரிந்தவர்களையும் நாமே அறிந்து குழுவிற்கு அனுப்ப வேண்டியவர்களாகிறோம்.

வேலையிலும் ஒற்றுமை உண்டு. குடியரசுத் தலைவர் மந்திரி சபையின் ஆலோசனைப்படி நடக்கக் கடமைப்பட்டவர். எனினும், "மீண்டும் ஒருமுறை ஆலோசியுங்கள்" என்று அவ்வாலோசனையைத் திருப்பியனுப்பும் அதிகாரம், 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் அவருக்குத் தெளிவாக அளிக்கப்பட்டது. ஏன் அளிக்கப்பட்டது? 1975-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் இரவு, மந்திரி சபை கூடுமுன்னரே, பிரதம மந்திரி அனுப்பிய நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது கையொப்பமிட்டார். மறுநாட் காலையிலேதான் மந்திரிகள் செய்தியறிந்தனர். ஓரிரவு பொறுத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை நாம் அறியோம்; பொறுக்காததனால் நேர்ந்ததை நாடு இருபத்தொரு மாதம் அனுபவித்தது. ஆண்டு முழுதும் அணிவகுப்பும் விருந்துமாகத் தோன்றும் அப்பதவியின் மெய்யான வேலை, இத்தகைய சில இரவுகளில் ஒரு பேனாமுனையில் வந்து நிற்கிறது.

1969: மூவரை நிறுத்த தேர்தல்

1969-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் பதவியிலிருக்கும்போதே காலமானார். அடுத்தவர் யார் என்று ஆராய்வதற்கு ஜூலையில் பெங்களூரில் காங்கிரஸ் தலைவர்கள் கூடினர். பிரதம மந்திரி இந்திரா காந்தி ஜகஜீவன் ராமை விரும்பினார். ஆட்சிக்குழுவின் பெரும்பான்மையோர் நீலம் சஞ்சீவ ரெட்டியைத் தேர்ந்தனர். துணைக் குடியரசுத் தலைவராயிருந்து, தற்காலிகமாகத் தலைமைப் பொறுப்பையும் வகித்துவந்த வி. வி. கிரி, பதவியைத் துறந்து தனியே நின்றார். முன்னாள் நிதி மந்திரி சி. டி. தேஷ்முக்கைச் சுதந்திராவும் ஜனசங்கமும் ஆதரித்தன. களத்தில் மொத்தம் பதினைவர் இருந்தனர், போட்டி இம்மூவரிடையே.

ரெட்டியின் தட்டில் வைக்கத்தக்க குணங்கள் பல. ஆந்திரப் பிரதேசத்தின் முதல் முதன்மந்திரி. 1967-இல் லோக்சபையின் சபாநாயகரானதும், நடுநிலை பிறழலாகாதென்று கட்சியங்கத்தினின்றே விலகியவர். 1964-இல், பஸ் வழித்தடங்களை அரசுடைமையாக்கிய வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கூறிய குறையை மதித்து முதன்மந்திரி பதவியையே விட்டவர். எதிர்த்தட்டில், ஒரு கோஷ்டியின் ஆள் என்ற ஐயம் இருந்தது. தேஷ்முக் ரிசர்வ் பாங்கின் முதல் இந்திய கவர்னர். எண்ணும் எழுத்தும் அவருக்குக் கைவந்தவை. ஆனால் பொதுமக்களிடையே வேர் குறைவு. கிரியோ ரயில்வேத் தொழிலாளர் சங்கங்களில் வளர்ந்தவர். 1954-இல், பாங்கு ஊழியர்களின் சம்பளத் தீர்ப்பை அரசாங்கம் மாற்றியது முறையன்று என்று மத்தியத் தொழிலாளர் மந்திரி பதவியைத் துறந்தவர். பதவியைவிடக் கொள்கை பெரிது என்று செயலில் காட்டியது பெருங்குணம். எந்தப் பெருந்தலைவரின் ஆதரவால் வெல்கிறாரோ அவருக்குப் பின்னர் "இல்லை" என்று சொல்ல முடியுமா என்பதே அவரைப் பற்றி எழுந்த வினா.

நம் மாநிலமும் அன்று இரண்டாகப் பிரிந்து நின்றது. காமராஜர் ரெட்டியின் பக்கம், ஆளுங்கட்சியாகிய தி.மு.க. கிரியின் பக்கம். ஆகஸ்டு 16-இல் ஓட்டுப்பதிவு நடந்தது. முதல் விருப்ப ஓட்டுகளில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, தேஷ்முக் 1,12,769. எவருக்கும் பாதிக்குமேல் கிடைக்காமையால் இரண்டாம் விருப்பம் எண்ணப்பட்டது. முடிவில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427.

பதவியேற்றபின் என்ன நடந்தது? 1970 செப்டம்பரில் மன்னர் மானிய ஒழிப்பு மசோதா ராஜ்ய சபையில் ஓர் ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றது. உடனே, மன்னர்கள் அனைவரின் அங்கீகாரத்தையும் நீக்கும் உத்தரவு கிரியிடம் வந்தது, கையொப்பமாயிற்று. அவ்வாண்டு டிசம்பரிலேயே சுப்ரீம் கோர்ட்டு அவ்வுத்தரவு செல்லாதென்றது. மானியம் ஒழியவேண்டியதே என்பார் கருத்து வேறு. 1971-இல் அரசியலமைப்பைத் திருத்தி முறைப்படி அதை ஒழித்தார்கள். பாராளுமன்றத்தில் தோற்றதை மறுநாளே உத்தரவாக்கலாமா என்று ஒருமுறை கேட்டிருக்கலாமே என்பதுதான் நம் கருத்து. 1954-இல் "இல்லை" என்று சொன்ன அதே மனிதர் 1970-இல் சொல்லவில்லை. குணம் உள்ளதுதான், ஆயினும் கடப்பாடு என்னும் சுமை எதிர்த்தட்டில் ஏறியபோது அது மேலே போய்விட்டது.

ரெட்டியின் கதையும் ஒரு பாடம். 1969-இல் வேண்டாமென்று ஒதுக்கப்பட்டவர் 1977-இல் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். எட்டாண்டில் மனிதர் மாறவில்லை. நிறுத்தவர்களின் நிலை மாறியது. ஆதலின், ஒருவர் தோற்றார் என்பதைக் குற்றமாகவும், வென்றார் என்பதைக் குணமாகவும் எழுதிக்கொள்ளலாகாது.

2002: இரு தமிழர்

2002-ஆம் ஆண்டுத் தேர்தல் தமிழர்க்குச் சிறப்பானது. முதலில் பல பெயர்கள் பேசப்பட்டன. பதவியிலிருந்த கே. ஆர். நாராயணன், துணைக் குடியரசுத் தலைவர் கிருஷ்ண காந்த், நம் மாநிலத்திலும் கவர்னராயிருந்த பி. சி. அலெக்சாண்டர் முதலியோர் ஆராயப்பட்டனர். ஒவ்வொருவரிடமும் ஆட்சியனுபவம் நிறைந்திருந்தது. பல கட்சிகளும் ஒருங்கே ஏற்கும் இசைவு கூடிவரவில்லை. முடிவில் ராமேசுவரத்தில் பிறந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாமை ஆளும் கூட்டணி நிறுத்தியது, காங்கிரஸும் ஆதரித்தது. இடதுசாரிக் கட்சிகள் சென்னையில் பிறந்த காப்டன் லட்சுமி செகலை நிறுத்தின.

கலாமின் குணங்களை நம் பிள்ளைகளும் அறிவர். எளிய குடும்பத்தில் பிறந்து கல்வியால் உயர்ந்தவர். அவர் தலைமையேற்ற எஸ்.எல்.வி.-3 ராக்கெட் 1979 ஆகஸ்டில் கடலில் வீழ்ந்தது. 1980 ஜூலையில் ரோகிணித் துணைக்கோளை வானில் நிறுத்தியது. தோல்வியிற் கற்பவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. எக்கட்சியையும் சேராதவர் என்பது மற்றொரு பலம். எதிர்த்தட்டில் அன்றே வைக்கப்பட்ட குறை ஒன்றுதான்: சட்டசபையிலோ பாராளுமன்றத்திலோ பழகாதவர், அரசியலமைப்பின் நுட்பங்கள் அவருக்குப் புதியவை.

லட்சுமியின் குணங்களோ வேறு வகை. மருத்துவம் கற்றுச் சிங்கப்பூர் சென்றவர், 1943-இல் நேதாஜியின் அழைப்பை ஏற்று ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கினார். அப்படையில் சேர்ந்த பெண்களிற் பெரும்பாலோர் மலேயா ரப்பர்த் தோட்டங்களில் பாடுபட்ட தமிழ்க் குடும்பத்தினர். கூலிக்காரப் பெண்களைச் சிப்பாய்களாக நிமிரச் செய்தவர் என்ற செய்தியை, குமுளிக்கும் போடிமெட்டுக்கும் நாள்தோறும் தோட்டவேலைக்கு ஏறிச் செல்லும் பெண்களையுடைய நாம் எளிதில் மறக்கலாகாது. பின்னர்க் கான்பூரில் ஏழைகளுக்கு மருத்துவராகவே வாழ்ந்தார். அவர்மேற் சொல்லப்பட்ட குறைகள் இரண்டு: ஒரு கட்சியைச் சேர்ந்தவர், வயது 87.

ஜூலை 15-இல் நடந்த தேர்தலில் கலாம் 9,22,884 மதிப்பும் லட்சுமி 1,07,366 மதிப்பும் பெற்றனர். அன்று நம் மாவட்டத்தில் தேனியும் தனித் தொகுதியாக இருந்தமையால் நமக்கு ஐந்து ஓட்டுகள். ஆண்டிபட்டியின் சட்டசபை அங்கத்தினர் அப்போதைய முதன்மந்திரி ஜெயலலிதாவே. இரு பெருங் கழகங்களும் கலாமை ஆதரித்தன.

நாம் கவனிக்க வேண்டியது அதன்பின் நடந்ததை. எல்லார் கண்ணுக்கும் பட்ட குறை வயது. லட்சுமி அம்மையாரோ தொண்ணூறு கடந்தும் நோயாளிகளைப் பார்த்துவந்து, 2012 ஜூலையில்தான் மறைந்தார்; குடியரசுத் தலைவரின் பதவிக்காலம் 2007-லேயே முடிந்திருக்கும். கண்ணுக்குப் பட்ட குறை எடையில் ஒன்றுமில்லாது போயிற்று. கலாமிடம் சொல்லப்பட்ட குறையோ 2005 மே மாதம் சோதனைக்கு வந்தது. தேர்தல் முடிந்தும் மந்திரி சபை அமையாதிருந்த பீகார்ச் சட்டசபையைக் கலைக்கும் சிபாரிசு, மாஸ்கோவில் சுற்றுப்பயணத்தில் இருந்த அவருக்கு நள்ளிரவில் அனுப்பப்பட்டது. அங்கிருந்தபடியே கையொப்பமிட்டார். அக்கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் பின் பதவி துறக்க எண்ணியதை அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

அதே கலாம் 2006-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், ஆதாயந்தரும் பதவிகள் பற்றிய மசோதாவில் கையொப்பமிடாது, மறுபடியும் ஆலோசிக்குமாறு பாராளுமன்றத்திற்குத் திருப்பியனுப்பினார். பாராளுமன்றம் அதனை மாற்றாமலே மீண்டும் நிறைவேற்றியது. விதிப்படி பின்னர்க் கையொப்பமிட்டார். ஆயினும், ஏன் என்று கேட்கப்பட்டது, நாடு கேட்டது. அவரிடம் குறையும் உண்மை, குணமும் உண்மை. இரண்டும் அவரவர்க்குரிய நாளில் வெளிப்பட்டன. இங்கு மற்றொன்றும் சொல்லவேண்டும். மரண தண்டனைக் கருணை மனுக்களில் இரண்டே இரண்டில் முடிவு செய்து, மீதியை அடுத்தவருக்கு விட்டுச் சென்றார். ஆராய்ந்து மறுப்பது வேறு. இடாமலே வைத்திருப்பது வேறு. பேனாவை விரைந்து ஓட்டுவது எவ்வளவு குற்றமோ அவ்வளவு குற்றம் அதை மூடியே வைப்பதும்.

நம் சங்கங்களில்

நிற்க. டில்லியிலிருந்து நம் தெருவுக்கு வருவோம். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத் தலைவரின் பேனாவின்கீழ் எவை வருகின்றன? நூல் கொள்முதல், பாவும் ஊடையும் கொடுத்த கணக்கு, தறிக்கூலிப் பட்டியல், இருப்பிலுள்ள சேலைகளின் கணக்கு, பாங்கில் பெறும் ரொக்கக் கடன். விவசாயிகளின் சங்கமாயின், பயிர்க்கடன் மனு, நகைக்கடன், உர இருப்பு. 2021-இல் ஐந்து பவுனுக்குட்பட்ட நகைக்கடன்கள் தள்ளுபடி செய்யப்பட்டபோது, மாநிலத்தில் பல சங்கங்களின் பெட்டகங்களை ஆராய்ந்தார்கள். சில இடங்களில் பொட்டலத்தில் இருந்தது போலி நகை. சில இடங்களில் நகையே இல்லை. காகிதத்தில் மட்டும் எல்லாக் கையொப்பமும் இருந்தன.

இத்தகைய பதவிக்கு நம்மிடையே எவ்வகையினர் நிற்கிறார்கள்? ஒவ்வொருவரையும் மேற்சொன்ன எடைக்கல்லால் நிறுத்துப் பார்ப்போம்.

தனியே பல தறிகளுக்கு நூல் கொடுத்து ஜவுளி வியாபாரம் நடத்துபவர் ஒருவர். நூலின் நம்பரும் சாயத்தின் தரமும் சந்தையின் போக்கும் அவருக்கு அத்துபடி. கோ-ஆப்டெக்ஸ் கொள்முதல் தாமதித்தாலும் சரக்கை விற்க வழியறிவார். இவை பெருங்குணங்கள். ஆனால் சங்கத்தின் நெசவாளி நல்ல கூலி பெற்றால் அவருடைய தறிக்கும் கூலி ஏறும். சங்கத்தின் நலமும் அவருடைய நலமும் எதிரெதிரே நிற்கும் நாளில் பேனா எப்பக்கம் சாயும்? உரக்கடையோ கமிஷன் மண்டியோ நடத்துபவர் விவசாயச் சங்கத்திற்கு நின்றால் அவரிடமும் இதே கேள்வியைக் கேட்கவேண்டும்.

கட்சிச் செல்வாக்குடையவர் மற்றொருவர். கிடங்குக் கட்டடமும் கூடுதல் கடன் ஒதுக்கீடும் வாங்கி வருவார், பொய்யன்று. அவரை நிறுத்தியவர் ஒரு பட்டியலை அனுப்பி, "இவர்களுக்குக் கடன் கொடு" என்றால் மறுப்பாரா? கிரியின் வரலாறு இங்கே நினைவுக்கு வரட்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். காகிதத்தை வரிவரியாகப் படிப்பார். ஆயினும் வாழையின் பருவமும் நெல்லின் பருவமும் அறியாமல், ஐயம் தீரட்டும் என்று மனுவை மேசையில் வைத்திருப்பார். ஜூனில் பெரியாறு அணை திறந்து முதற்போகத்திற்கு நாற்றுப் பாவும்போது வேண்டிய கடன், ஆகஸ்டில் வந்தென்ன பயன்? அதற்குள் விவசாயி வட்டிக்கடையின் வாசலில் நின்றிருப்பார்.

மகளிர்க்கு ஒதுக்கிய இடங்களில் வரும் பெண்களைப் பற்றி ஒரு சொல். பல ஊர்களில் பெயர் அம்மையாருடையது, முடிவு வீட்டு ஆண்மகனுடையது என்ற நிலையைக் காண்கிறோம். நெசவுக் கூலியிலும் தோட்டக் கூலியிலும் குடும்பம் நடத்தும் பெண்ணுக்குக் கணக்குத் தெரியாதென்பது வீண் சொல். அவர் தாமே படித்துத் தாமே கையொப்பமிடுவாரா என்பதே கேட்கத்தக்கது. ஏனெனில் இழப்பு நேர்ந்தால், சட்டத்தின் 87-ஆம் பிரிவின்படி அதை ஈடுசெய்யும் பொறுப்பைச் சுமத்தும்போது, காகிதத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரையே சட்டம் தேடிவரும். பதவியைவிட்டு விலகிய பின்னும் விடாது. பின்னாலிருந்து சொன்னவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இராது.

நம் தெருக்காரர், நம் உறவினர் என்பனவும் குணப்பட்டியலில் சேர்க்கப்படுகின்றன. இவற்றுக்கு எடையே இல்லை. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். குடவோலையால் வாரியத்திற்கு ஆள் எடுத்த அக்கிராமத்தார், முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாது சென்றவரை விலக்கியதோடு நில்லாது, அவர்தம் நெருங்கிய உறவினரையும் விலக்கினர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குமுன் உறவைத் தகுதியாகக் கொள்ளாமல், ஆராயத்தக்க ஐயமாகக் கொண்டார்கள்.

குறையறிந்தபின் செய்ய வேண்டியது

குறையில்லாத அபேட்சகரைத் தேடினால் தலைவர் நாற்காலி காலியாகவே கிடக்கும். ஆதலின் நிறுத்தபின் செய்யவேண்டிய வேலை ஒன்றுண்டு. தலைவரிடம் எக்குறை இருக்கிறதோ அதை நிரப்பக்கூடியவர்களை நிர்வாகக் குழுவில் அமர்த்துங்கள். பருவமறியாத ஆசிரியர் தலைவராயின், அருகே அனுபவமுள்ள விவசாயி இருவர் இருக்கட்டும். சந்தையறிந்த வியாபாரியே தலைவராயின், கூலிக்கு நெய்யும் நெசவாளிகள் குழுவில் நிறைந்திருக்கட்டும். அவருடைய கடை சம்பந்தப்பட்ட பொருள் வரும்போது அவர் எழுந்து வெளியே செல்வதைக் குழு வற்புறுத்தட்டும். பதினொருவர் கொண்ட குழுவில் அறுவர் துணிவுடையவராயின் எந்தப் பேனாவும் தடம்புரளாது.

தேர்தலுக்குமுன் ஒவ்வோர் அபேட்சகரிடமும் நான்கு கேள்விகளை மரியாதையாகக் கேளுங்கள். சங்கத்தில் தங்கள் பேரிலோ வீட்டார் பேரிலோ தவணை தப்பிய கடன் உண்டா? கடந்த பேரவைக் கூட்டங்களுக்கு வந்து தணிக்கை அறிக்கையைப் பற்றி ஒரு கேள்வியேனும் கேட்டதுண்டா? சங்கத்தோடு போட்டியிடும் தொழில் தங்களுக்கு உண்டா? தங்களுக்கு வேண்டியவர் ஒருவருக்கு முறையன்று என்று சொல்லி மறுத்தது எப்போது? முதல் மூன்றின் விடையைச் சங்கப் புத்தகங்களிலும் ஊராரிடத்தும் சரிபார்க்கலாம். நான்காவதன் விடையே பெரிது. அதற்கு விடை கூறத் தடுமாறுபவர் பிறவற்றில் எவ்வளவு சிறந்தாராயினும், அவருடைய பேனாவுக்குக் காவல் வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நாம் தவறாக நிறுத்தால் விளைவது என்ன என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். சங்கம் சீர்குலைந்தால் 88-ஆம் பிரிவின்படி நிர்வாகக் குழு கலைக்கப்படும். அந்நாற்காலியில் அதிகாரி ஒருவர் வந்தமர்வார். 2018-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களின் ஐந்தாண்டுக் காலம் 2023-இல் முடிந்தபின், தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத சங்கம் எப்படி நடக்கும் என்பதையும் நம் அங்கத்தினர் கண்டிருக்கிறார்கள். அதிகாரி நேர்மையாளராயிருக்கலாம், கணக்கும் ஒழுங்காயிருக்கலாம். ஆனால் அவர் உங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவரல்லர். மேலதிகாரிக்கே பதில் சொல்வார். என்போன்ற அரசாங்க ஊழியன் உங்கள் தலைவரின் நாற்காலியில் அமர்வது எனக்கும் பெருமையன்று, கூட்டுறவுக்கும் பெருமையன்று.

தேர்தல் எப்போது வரினும், அபேட்சகரின் குணத்தை ஒரு பக்கமும் குற்றத்தை மறுபக்கமும் எழுதிக்கொள்ளுங்கள். மாலை ஐந்து மணிக்குமேல், எல்லாரும் வீடு திரும்பும் வேளையில், "அவசரம்" என்று நீட்டப்படும் ஒரு காகிதக் கட்டை மனத்தில் நினையுங்கள். அதைப் படிக்காமல் கையொப்பமிடுபவர் யார்? பூட்டி வைத்துவிட்டு மறந்துபோகிறவர் யார்? "விளக்கைப் போடுங்கள், படித்துப் பார்த்து இன்றைக்கே சொல்கிறேன்" என்று உட்காருபவர் யார்? மூன்றாமவர் உங்கள் தெருக்காரராயினும், உங்களுக்கு ஆகாதவராயினும், உங்கள் ஓட்டு அவருக்கே உரியது.